லேமினேஷன் போட்ட நாற்பத்தேழாம் நம்பர்

1

கவர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வேலைக்குப் போகுமுன் பிரித்தேன். உள்ளே நாற்பத்தேழாம் நம்பர் கிரிக்கெட் கார்டு. அதற்கு லேமினேஷன் போட்டிருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று டிப்போவுக்குப் பத்து நிமிடம் தாமதம். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இதில் என்ன இருக்கிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியிருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் மேற்குத் தாம்பரத்துக்காரன். பெயர் சாமுவேல். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. சானடோரியம் பக்கம் ஒரு டூவீலர் மெக்கானிக் கடையில் வேலை பார்த்தேன். மனைவி எஸ்தர் நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்ற ஊரில் வேலை கிடைத்தது. அவளோடு நானும் மகள் ரூத்தும் வந்தோம். விசா தாளில் என்னை அவளைச் சார்ந்திருப்பவர் என்று போட்டிருந்தார்கள். எஸ்தர்தான் படித்துச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறேன்.

பெட்டி கட்டும்போது பழைய கார்டு பன்னிரண்டு எப்படியோ கூட வந்துவிட்டன. தொண்ணூறுகளில் ஒரு பபிள்கம் வந்தது. வாங்கினால் உள்ளே ஒரு கார்டு இருக்கும். முன்பக்கம் ஆட்டக்காரர் படம். பின்பக்கம் அவர் ரன், விக்கெட். மூலையில் நம்பர். மொத்தம் தொண்ணூறு. தொண்ணூறும் வைத்திருக்கிறவனை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. குரோம்பேட்டையில் ஒருத்தன் வைத்திருக்கிறான் என்று பேச்சு மட்டும் இருந்தது.

டிப்போவில் கிரஹாம் என்று ஒரு டிரைவர். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் பன்னிரண்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பார்க்குமுன் எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தார். அது எனக்குப் பிடித்தது. ஆட்கள் தேசம் விட்டு தேசம் தபாலில் கார்டு மாற்றிக்கொள்கிறார்கள் என்று அவர்தான் சொன்னார். ரூத் என் போனில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். அந்தக் குழுவில் பாஸ்கர் கிடைத்தார். ஊரப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை. தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெய்னில் கால் மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் இருந்தவரைத் தெரிந்துகொள்ள நான் அடிலெய்டு வர வேண்டியிருந்தது. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2

கார்டு மாற்றுவதற்கு வழக்கம் உண்டு. புது ஆள் முதலில் அனுப்ப வேண்டும். கார்டை மெல்லிய உறையில் போட்டு, அதைக் கெட்டியான உறையில் போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவே வைக்க வேண்டும். டேப் கார்டில் படக்கூடாது. கிடைத்ததும் குழுவில் ஒரு வரி போட வேண்டும். ‘நல்லா வந்துச்சு.’ அந்த வரிதான் சர்டிபிகேட். அது நிறைய வாங்கியவரை எல்லோரும் நம்புவார்கள். பாஸ்கருக்கு நான் ஆறு வருடமாக அந்த வரியைப் போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக் கவரில் ஒரு படிவம் ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பது பரிசா, விற்பனையா என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாற்றிக்கொள்வதற்குக் கட்டம் கிடையாது. மற்றவை என்று ஒன்று உண்டு. அதில் டிக் போட்டால் நாலு கேள்வி வரும். பாஸ்கர் முதல் தடவை போஸ்ட் ஆபீஸில் கவுன்ட்டர் அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறார். சும்மாவா தர்றீங்க என்று அந்த அம்மா கேட்டாராம். இல்ல மேடம், அவரும் எனக்கு ஒண்ணு தருவார். அப்ப வியாபாரம். வியாபாரம் இல்ல மேடம். அப்ப சும்மாதான். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மீன்கார அம்மா, “சட்டுனு ஒண்ணைப் போட்டுட்டு நகருப்பா, கூடையில ஐஸ் கரையுது” என்றாராம். பரிசு என்று போட்டிருக்கிறார். அதிலிருந்து நாங்கள் இருவரும் பரிசு என்றே போடுகிறோம்.

நாற்பத்தேழு கிடைக்காத கார்டு. குறைவாக அச்சடித்தார்கள் என்கிறார்கள். தெரியாது. கிரஹாமுக்கு அது வேண்டும். பாஸ்கரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் அவர் முழுதாகச் சேர்த்த தொண்ணூறு எண்பத்தொன்பது ஆகிவிடும். பாஸ்கருக்கு கிரஹாமிடமிருந்த ஒரு பழைய ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் கார்டு வேண்டும். பாஸ்கரும் ஊரப்பாக்கத்தில் ஒரு டென்னிஸ் பால் டீமுக்குக் கீப்பர். இரண்டு மாதம் யோசித்தார். பிறகு சரி என்றார். நடுவில் நான். இரண்டு பேருக்கும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த நாற்பத்தேழுதான் லேமினேஷன் போட்டு வந்தது.

கிரஹாமிடம் காட்டினேன். கை கழுவிவிட்டுத்தான் வந்தார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிளாஸ்டிக் கார்டோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் படமும் சேர்ந்து வரும். மேஜையில் மெதுவாக வைத்தார். என் தோளைத் தட்டினார். இது இனி கார்டு இல்லை, சாமுவேல் என்றார். கோபம் இல்லை. துக்க வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார்.

வீட்டில் ரூத்திடம் சொன்னேன். அவளுக்குப் பத்தொன்பது வயது. பத்து வயதில் என்னோடு தரையில் உட்கார்ந்து நம்பர் வரிசையாக அடுக்குவாள். பதிமூன்றில் நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நல்ல பெண். அவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் டாடி, அவ்வளவுதானே என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் என்னவென்று சொல்வது? ஆறு வருடத்தில் ஒருமுறைகூட மூலை மடங்கி அனுப்பாத மனிதர். இருப்பதில் பெரிய கார்டை எடுத்து, தனக்குத் தெரிந்ததில் பெரிய பாதுகாப்பைச் செய்து அனுப்பியிருக்கிறார். என் கார்டில் இரண்டை கிரஹாமுக்குக் கொடுத்துக் கீப்பரை வாங்கி ஊரப்பாக்கத்துக்கு அனுப்பினேன். குழுவில் போட்டேன்.

‘நல்லா வந்துச்சு.’

நான் அதிகம் பேசாதவன். அதனால் அதிகம் பொய் சொன்னதும் இல்லை. அந்த இரண்டு வார்த்தை எழுதினது கனமாக இருந்தது.

3

இரண்டு வாரம் கழித்து பாஸ்கர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். கீப்பர் வந்துவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தார். பிறகு லேமினேஷன் விஷயத்துக்கு வந்தார்.

அந்தப் பெரிய வெள்ளத்தில் அவர் கடைக்குள் கழுத்தளவு தண்ணீர். அப்போதிருந்த கார்டெல்லாம் ஊறிக் கஞ்சியாகிவிட்டன. தண்ணீர் வடிந்து சேற்றைத் தள்ளியபோது உருப்படியாகக் கிடைத்தது மூன்று. வாக்காளர் அட்டை, மனைவி கவிதாவின் பிளஸ் டூ மார்க் ஷீட், சாமி படம். மூன்றும் லேமினேஷன் போட்டவை. பிறகு ஒன்றிலிருந்து ஆரம்பித்து மறுபடி தொண்ணூறு சேர்த்திருக்கிறார். இதில் பாதி எனக்கு முன்பே தெரியும். கடைசியில் சொன்னது தெரியாது.

“நாற்பத்தேழைப் போடும்போது பயமா இருந்துச்சு அண்ணா. ஏதாவது ஆயிடுமோன்னு. நீங்க நல்லா வந்துச்சுன்னு போட்டீங்க பாருங்க, அப்பதான் தைரியம் வந்துச்சு. மிச்ச எண்பத்தொன்பதையும் போட்டுடப்போறேன். ஐப்பசிக்கு உங்க மச்சான் பொண்ணு கல்யாணத்துக்கு வர்றீங்கல்ல? நீங்க வந்ததும் சேர்ந்து போடலாம்.”

மூன்று தடவை கேட்டேன். போனில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எடுப்பேன். அவர் கடையில் ஆள் இருக்கும் நேரம் என்று வைத்துவிடுவேன். இங்கே பஸ்ஸின் உள்பக்கம் கழுவும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பாஸ்கர், வேணாம். காலி பஸ்ஸில் சுலபமாக வந்தது.

எஸ்தர் கேட்டாள். மெசேஜில் எழுதினால் என்ன? எழுதினால் அவர் தனியாகப் படிப்பார். அது சரியில்லை என்று பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று தெரியவில்லை.

4

மைத்துனர் மகள் கல்யாணம். ரூத்துக்குப் பரீட்சை, வரவில்லை. நானும் எஸ்தரும் வந்தோம்.

ஊருக்கு வந்து இரண்டாம் நாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டீ குடித்தேன். எல்லோரும் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். என்னிடம் ஊர் நம்பர் இல்லை. நம்பர் வாங்க ஆதார் வேண்டும். ஆதாருக்கு ஓடிபி வேண்டும். ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. பழைய நம்பரை இப்போது யாரோ வைத்திருக்கிறார்கள். நோட்டை நீட்டினேன். டீக்கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார், வெளியூரா?” என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் பிறந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஊரப்பாக்கம் போனேன். நாற்பத்தேழைப் பையில் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குத் தொண்ணூறும் நிறையுமே என்று.

கடை பள்ளமான தெருவில் இருந்தது. ரோட்டிலிருந்து இறங்கிப் போக வேண்டும். பாஸ்கர் நான் நினைத்ததைவிட ஒல்லி. வலது கையில் இரண்டு விரல் கோணல். பந்து பட்டது. கை கொடுப்பதா கட்டிப் பிடிப்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சம் இரண்டும் செய்தோம்.

உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் கிரஹாமின் விக்கெட் கீப்பர். லேமினேஷன் போட்டு, பளபளவென்று.

“இனிமே அவருக்கு மழையே கிடையாது அண்ணா” என்றார் பாஸ்கர்.

கவிதா கம்ப்யூட்டரில் யாருக்கோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் விட்டா என்னையும் உள்ள விட்டு எடுத்துடுவாரு அண்ணா. டீ போடட்டுமா, இல்ல மிஷினைத்தான் முதல்ல பார்க்கணுமா?”

மிஷின் ஏற்கனவே சூடாகிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் எண்பத்தொன்பது கார்டும் வரிசையாக அடுக்கியிருந்தன. நாற்பத்தேழின் இடத்தில் வெள்ளைத் துண்டுத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பாஸ்கர் ஒன்றாம் நம்பரைப் பிளாஸ்டிக்கில் வைத்து என் கையில் கொடுத்தார். முதல் கார்டு நீங்கதான் விடணும் என்றார். ரிப்பன் வெட்டக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

மிஷின் வாய்க்கு நேரே பிடித்தேன். சூடு விரலில் பட்டது.

“பாஸ்கர், வேணாம்.”

“ஏன் அண்ணா?”

“போட்டா ஒட்டிக்கும். திரும்ப எடுக்க முடியாது. யாரும் மாத்திக்க மாட்டாங்க.”

“எடுக்கவே வேணாமே. அதுக்குத்தானே போடுறது.”

அவர் கேட்க ஆரம்பித்தார்.

“நாற்பத்தேழு நல்லா வந்துச்சுன்னு போட்டீங்களே?”

“போட்டேன்.”

“கிரஹாம் சார் வாங்கிக்கிட்டார்ல?”

“இல்ல.”

பாஸ்கர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். “அப்ப இவரு?”

“என்னோடது ரெண்டு குடுத்தேன்.”

கவிதா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் படியேறி வந்து ஆதார் கார்டை நீட்டினார். பாஸ்கர் வாங்கினார். பிளாஸ்டிக்கில் வைத்து மிஷினில் விட்டார். மறுபக்கம் வந்ததை ஓரம் வெட்டிக் கொடுத்தார். பெரியவர் அதை வளைத்துப் பார்த்தார். சட்டையில் துடைத்துப் பார்த்தார். இனி எதுவும் ஆவாதுல்ல என்று கேட்டார். ஆவாது என்றார் பாஸ்கர். அவர் திருப்தியாகப் போனார். நான் ஒன்றாம் நம்பரோடு நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணா, கோவத்துல கேக்கல. தண்ணி வந்தா என்ன பண்றது?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

“நீங்களே சொல்லுங்க. போடவா, வேணாமா? நீங்க சொல்றபடி செய்யறேன்.”

ஆறு வருடமாக அவர் என்னை நம்பியதற்கு அந்த ஒற்றை வரிதான் காரணம். அதில் ஒன்று பொய் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறேன். அப்படியும் என்னையே கேட்கிறார். இது நம்பிக்கையா, என் தலையில் கட்டுகிறாரா என்று பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தால் இரண்டும் தெரிந்தது.

“வேணாம்” என்றேன்.

சுவிட்சை அணைத்தார். டீ வந்தது. குடித்தோம். கார்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கவிதா கேட்டார். சொன்னேன். கிளம்பும்போது நாற்பத்தேழைக் கவுன்ட்டரில் வைத்தேன். பாஸ்கர் எடுத்து என் பையிலேயே போட்டார்.

“அனுப்பினது அனுப்பினதுதான் அண்ணா. அது உங்களுது.”

டிரெய்னில் நின்றுகொண்டே வந்தேன். நான் சொன்னது கார்டு சேர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வதுதான். ஆனால் நான் நாலு நாளில் மழை குறைந்த ஊருக்குப் போய்விடுவேன். அவர் அந்தப் பள்ளத்தில் இருப்பார். அவருக்கு வேணாம் என்று சொல்ல நான் யார்? சொல்லாமல் விட்டிருந்தால் மட்டும் நான் யார்? வண்டலூர், பெருங்களத்தூர் எல்லாம் போனது தெரியவில்லை. தாம்பரத்தில் இறங்காமல் சானடோரியம் வரை போய்விட்டேன்.

5

கார்த்திகையில் மழை பிடித்தது. இங்கே வெயில். டிப்போவில் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் போனில் செய்தி காட்டினாள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் தெருவில் படகு போகிறது. பாஸ்கருக்குப் போன் போட்டேன். போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கரண்ட் இருக்காது என்றாள். ஆள் பத்திரமாக இருந்தால் போதும் என்று ஜெபித்தோம். ஜெபம் முடிந்ததும் எண்பத்தொன்பது கார்டு நினைவுக்கு வந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

ரூத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனுக்குச் சார்ஜர் போட்டாள். நீங்கள் உண்மையைத்தானே சொன்னீர்கள் டாடி என்றாள். அவளுக்கு எல்லாம் நேராக இருக்கிறது. எனக்கும் பத்தொன்பதில் அப்படி இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் யாரோ துடைப்பத்தால் தண்ணீர் தள்ளும் சத்தம்.

எல்லோரும் மாடி வீட்டில் பத்திரம். மிஷின், கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் எல்லாம் போய்விட்டது. கார்டு விஷயத்தைக் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

“நீங்க போனப்புறம் ரெண்டு நாள் தூக்கம் வரல அண்ணா. உங்க பேச்சையும் தட்ட முடியல, மனசும் கேக்கல. ஒத்தப்படை நம்பர் எல்லாத்துக்கும் லேமினேஷன் போட்டுட்டேன். ரெட்டைப்படையை உங்க பேச்சுக்கு அப்படியே வெச்சேன். தப்பா நினைக்காதீங்க.”

ஒற்றைப்படை நாற்பத்து நாலு. இரட்டைப்படை நாற்பத்தைந்து. லேமினேஷன் போட்டவற்றுக்கு என்ன ஆகப்போகிறது என்று அவற்றைக் கவுன்ட்டரில் அட்டைப் பெட்டியில் விட்டிருக்கிறார். போடாதவற்றைத்தான் என்ன செய்வது என்று தவித்திருக்கிறார். தண்ணீர் படி ஏறியதும் கவிதா அவற்றைப் பிரஷர் குக்கரில் வைத்து மூடி, வெயிட் போடும் துளையை மெழுகால் அடைத்து, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நடுவில் அவர் குரலும் மெசேஜில் வந்தது. “கேஸ்கட் போன மாசம்தான் மாத்தினேன் அண்ணா. ஒரு சொட்டு போகல. மூணு நாளா சாதம்தான் வடிச்சுச் சாப்பிடுறோம்.”

லேமினேஷன் போட்டவை நனையவில்லை. மிதந்துவிட்டன. அட்டைப் பெட்டி ஊறிப் பிளந்து, கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாக வெளியே போயிருக்கின்றன. தெரு முழுக்க கிரிக்கெட்காரர்கள். தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ரேஷன் கடைக் கதவில் சொருகியிருந்தது ஒன்று. பால் பூத்துக்காரர் ஆறு கொண்டுவந்தார். ஒரு அம்மா தன் வீட்டு வாசலில் கிடந்ததைச் சாமி படம் என்று நினைத்துக் கழுவி வைத்திருந்தாராம். ஒன்றில்கூடத் தண்ணீர் போகவில்லை. முப்பத்தாறு திரும்பிவிட்டன. எட்டு வரவில்லை.

சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. நான் போட வேணாம் என்று தடுத்தது குக்கரால் பிழைத்தது. அவர் காப்பாற்றினது பிழைத்தும் தொலைந்தது. யார் சொன்னது சரி என்று கிரஹாமைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பாஸ்கர் எட்டு நம்பரை மட்டும் எழுதி அனுப்பினார். 3, 11, 19, 25, 31, 53, 67, 85. வேறு எதுவும் எழுதவில்லை. கேட்கவும் இல்லை.

என்னிடம் 19, 31, 67 இருந்தன. மூன்றும் ஊரிலிருந்து என்னோடு வந்த பன்னிரண்டில் உள்ளவை.

சனிக்கிழமை ரூத்திடம் காரை எடுக்கச் சொன்னேன். எங்கள் பேட்டை நூலகத்தில் ஒரு லேமினேஷன் மிஷின் உண்டு. நாமே போட்டுக்கொள்ளலாம். மூன்று கார்டையும் உறையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததும் அவளுக்குப் புரிந்தது. டாடி, இது நல்ல கார்டு என்றாள். தெரியும் என்றேன். அவர் போடச் சொன்னாரா என்றாள். இல்லை. பிறகு எதற்கு என்றாள். அங்கே மற்ற ஒற்றைப்படையெல்லாம் பளபளவென்று இருக்கும், இது மட்டும் மொட்டையாக எப்படி நிற்கும் என்றேன்.

பத்தொன்பதை நான் விட்டேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. முப்பத்தொன்றையும் விட்டேன். அறுபத்தேழை அவள் என் கையிலிருந்து வாங்கி, நான்கு பக்கமும் ஓரம் சமமாக வைத்து, நேராக விட்டாள். மிஷின் அதை மெதுவாக இழுத்துக்கொண்டது. மறுபக்கம் வந்தபோது சூடாக இருந்தது. “ஹாட், டாடி” என்றாள். வாங்கி ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.